1,700 டிகிரி தாங்கும் செங்கல் ஏன் உதிர்ந்தது?

கேள்வி. ஜனவரி 9

இயற்கை எரிவாயுவை ஆக்சிஜனோடு அரைகுறையாக எரித்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் எடுக்கும் உலை எங்களுடையது. உள்ளே சுமார் 1,300 டிகிரி. வாயுவைப் பார்த்த முகப்பில் 9 அங்குலம் உயர் அலுமினா செங்கல், பின்னால் 9 அங்குலம் தீக்களிமண் செங்கல், அதற்கும் ஷெல்லுக்கும் (வெளி எஃகுக் கூடு) நடுவே ஓர் அங்குலக் காப்புப் பலகை. களிமண் செங்கலுக்கு 1,700 டிகிரி என்று சான்றிதழ் இருக்கிறது. மூன்றாவது வருட ஷட்டவுனில் முகப்பின் ஒரு பகுதியைப் பிரித்துப் பார்த்தால் பின்வரிசைச் செங்கல் கையோடு வருகிறது, பொடிப்பொடியாக. 1,300இல் 1,700 செங்கல் எப்படிப் போகும்? சப்ளையர் மட்டச் சரக்கைத் தள்ளிவிட்டார் என்கிறேன். சரிதானே?

ஜனவரி 9, இரவு

சரியில்லை. சப்ளையரைத் திட்டுவதற்கு முன் உள்ளே ஓடும் வாயுவைப் பாருங்கள்.

தீக்களிமண் செங்கலில் பாதிக்கு மேல் சிலிக்கா. காற்றில் அது சாதுவாக இருக்கும். சூடான ஹைட்ரஜனில் அப்படி இருக்காது. ஹைட்ரஜன் சிலிக்காவிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் சிலிக்கன் மோனாக்சைடு ஆவியாகி வாயுவோடு போய்விடும். நீராவி அதிகமாக, அழுத்தத்தோடு இருந்தால் வேறு வழியில் ஆவியாகும்: சிலிக்கன் ஹைட்ராக்சைடாக. இரண்டிலும் செங்கல் உருகுவதில்லை, கரைந்து காணாமல் போகிறது. 1,700 என்ற எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

போனது எங்கே போகும் என்றால், சூடு குறையும் முதல் இடத்தில் படியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆலையில் வெப்பமீட்பு பாய்லரின் குழாய்களைச் சுரண்டும் வேலை எனக்கு வந்தது. உள்ளே வெள்ளையாக, கண்ணாடி மாதிரிப் பளபளப்போடு ஒரு படிவம். உளி வைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தண்ணீர்ப் பக்கத்து உப்பு என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். படிவம் இருந்ததோ வாயுப் பக்கம். மேலே உலையில் யாரோ சிக்கனம் பார்த்துப் போட்ட சிலிக்கா கலந்த செங்கல்தான் மூன்று மாடி இறங்கி பாய்லரில் குடியேறியிருந்தது. அம்மோனியா ஆலைகளில் ஹைட்ரஜன் எடுக்கும் உலையான இரண்டாம் நிலை ரிஃபார்மரில் 99 சதவீத அலுமினா, சிலிக்கா அரை சதவீதத்துக்கும் கீழே என்று கறாராகக் கேட்பது இதனால்தான்.

உங்கள் சிலிக்காவும் அப்படித்தான் போயிருக்கும். பாய்லரைத் திறந்து பாருங்கள்.

ஜனவரி 10, காலை

மேலே எழுதியதை நம்பி யாரும் பாய்லரைத் திறக்க வேண்டாம். கேள்வியை நான் சரியாகப் படிக்கவில்லை.

உதிர்ந்தது பின்வரிசை. முகப்பு நன்றாக நிற்கிறது என்று அவர் சொல்லாமலே சொல்லியிருக்கிறார். ஹைட்ரஜன் சிலிக்காவைத் தின்பது சூடான இடத்தில் நடக்கும் வேலை. 1,100, 1,200க்கு மேலேதான் அது வேகம் பிடிக்கும். 9 அங்குல அலுமினாவுக்குப் பின்னால், அதுவும் ஷெல் பக்கமாக, அந்தச் சூடு ஏது? உலையிலேயே குளிர்ந்த செங்கல்தான் செத்திருக்கிறது. அப்படியென்றால் ஆள் வேறு.

கார்பன் மோனாக்சைடு.

இரண்டு மூலக்கூறு கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடாகவும் ஓர் அணு கரியாகவும் பிரியும். ரொம்பச் சூட்டில் இது நடக்காது, கார்பன் மோனாக்சைடு நிலையாக இருக்கும். ரொம்பக் குளிரிலும் நடக்காது, வேகம் போதாது. நடுவே 400 முதல் 700 டிகிரி வரை ஒரு பட்டை இருக்கிறது. அங்கே இரும்பின் தொடுகை கிடைத்தால் கரி கொட்டும். கொட்டுகிற இடம் செங்கலின் துளைக்குள். கரி வளர்ந்து வளர்ந்து உள்ளிருந்தே செங்கலைப் பிளக்கும். சுவர் இடுக்கில் முளைத்த ஆலங்கன்று கட்டடத்தைப் பிளக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

முகப்புச் செங்கல் வாயுவைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். தடுக்காது. செங்கல் என்பதே துளைகளின் கூட்டம். மூட்டுகள் வேறு இருக்கின்றன. அழுத்தத்தில் ஓடும் உலையில் ஷெல் வரைக்கும் வாயு நிறைந்தே இருக்கும். முகப்பு தடுப்பது சூட்டை, அதுவும் ஓரளவுக்கு.

ஜனவரி 10, மதியம்

கேட்டவருக்கு: உதிராமல் இருக்கும் ஒரு பின்வரிசைச் செங்கலை எடுத்துச் சுத்தியால் தட்டுங்கள். நல்ல செங்கல் ணங் என்று சொல்லும், கெட்டது பொத் என்று சொல்லும். பிறகு உடையுங்கள். உடைந்த முகத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, அவற்றைச் சுற்றி நூல் கனத்தில் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். பொடியின் மேல் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். இது ஆய்வகச் சோதனை ஆகாது. ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அதுவே சொல்லிவிடும்.

ஜனவரி 12

"அப்படியானால் முன்னும் பின்னும் 99 சதவீத அலுமினாவே போட்டுவிட்டால் தொல்லை விட்டதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

விலையை விடுங்கள். அலுமினா நல்ல வெப்பக் கடத்தி. களிமண் செங்கலைப் போல இரண்டு மடங்கு கடத்தும். முழுக்க அதையே அடுக்கினால் ஷெல் சூடேறும். சட்டென்று சூடோ குளிரோ பட்டால் விரிசல் விடுவதிலும் அது முந்திக்கொள்ளும். அதனால்தான் அடுக்கடுக்காகப் போடுகிறோம்: முகப்பு வாயுவோடு மல்லுக்கட்ட, பின்னது சூட்டைப் பிடிக்க.

பேச்சு வந்துவிட்டது, இதையும் சொல்லிவிடுகிறேன். காப்புப் பொருள் எதுவானாலும் அதன் பாதி வேலையைச் செய்வது அதற்குள் அடைபட்ட காற்று. ஹைட்ரஜன் உலையில் அந்தத் துளைகளில் காற்று இருக்காது, ஹைட்ரஜன் இருக்கும். அது காற்றைவிட சுமார் 7 மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். விவரச் சீட்டில் இருக்கும் கடத்து எண் காற்றில் அளந்தது. அதையே நம்பிக் கணக்குப் போட்டு, ஷெல் 150 டிகிரியில் நிற்கும் என்று நான் ஒருமுறை கையெழுத்தே போட்டேன். உலை ஏறிய நான்காம் நாள், சூட்டுக்கு நிறம் மாறும் பெயின்ட் ஷெல்லில் ஒரு பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. பிளவோ ஓட்டையோ எதுவும் இல்லை. லைனிங் ஒழுங்காகத்தான் இருந்தது, கணக்குதான் காற்றில் மிதந்தது.

ஷெல் கொஞ்சம் சூடானால் என்ன என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. அழுத்தத்தில் உள்ள ஹைட்ரஜன் சூடான சாதாரண எஃகுக்குள் புகுந்து, அதன் கார்பனோடு சேர்ந்து மீத்தேன் ஆகி, உள்ளேயே விரிசல் உண்டாக்கும். எந்த எஃகை எந்த அழுத்தத்தில் எவ்வளவு சூடு வரை விடலாம் என்பதற்கு 1949இல் நெல்சன் வெளியிட்ட வளைகோடுகளைத்தான் திருத்தித் திருத்தி இன்றும் புரட்டுகிறார்கள்.

ஜனவரி 13

1,700 எங்கிருந்து வருகிறது என்று தனியாக ஒரு கேள்வி.

செங்கலை அரைத்துச் சின்னக் கூம்பாகப் பிடித்து, உருகும் அளவு தெரிந்த கூம்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சூடாக்குவார்கள். நுனி வளைந்து தரையைத் தொட்டால் அந்தச் சூடு அதன் எண். 1880களில் ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் தொடங்கிவைத்த கூம்பு முறை. அருமையான முறை, மறுக்கவில்லை. ஆனால் கூம்பின் தலையில் பாரம் இல்லை, சுற்றி ஹைட்ரஜன் இல்லை, கசடு இல்லை, மூன்று வருடமும் இல்லை. 1,700இல் தலை சாய்க்கும் அதே களிமண் செங்கல், சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ பாரம் வைத்தால் 1,400 பக்கத்திலேயே நெளிய ஆரம்பித்துவிடும்.

மாப்பிள்ளை எவ்வளவு எடை தூக்குவார் என்று விசாரித்துவிட்டு, குடிப்பாரா என்று கேட்காமல் பெண் கொடுத்த கதைதான்.

ஜனவரி 15

நல்ல அடி ஒன்று விழுந்திருக்கிறது. "சிலிக்காவை ஹைட்ரஜன் தின்னும் என்கிறீர்கள். கோக் அடுப்பு முழுக்கச் சிலிக்கா செங்கல்தானே? அதிலிருந்து வரும் வாயுவில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன். அது மட்டும் எப்படி முப்பது நாற்பது வருடம் நிற்கிறது?"

கோக் அடுப்பு என்றால் நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு கோக் எடுக்கும் அடுப்பு, சுவருக்கு அந்தப் பக்கம் எரி அறை. இதற்கு இரண்டு நாள் யோசித்தேன்.

முதலில், அங்கே அழுத்தம் இல்லை. வெளிக்காற்றை ஒட்டிய அழுத்தம்தான். ஆவியானதை அள்ளிக்கொண்டு போக வேகமான ஓட்டமும் இல்லை. இரண்டாவது, நிலக்கரிப் பக்கம் சுவரின் மேல் கரி படிந்துவிடுகிறது. அந்தக் கரி சுவரை மூடுவதோடு மூட்டுகளிலும் மெல்லிய விரிசல்களிலும் புகுந்து அடைத்து, அடுப்பு வாயு எரி அறைக்குள் கசியாமலும் காக்கிறது. அங்கே பூசுவேலைக்காரனாக இருக்கும் கரியேதான் உங்கள் பின்வரிசையில் கடப்பாரையாக இருக்கிறது. ஒன்று காற்று வாயு பிரிந்து சுவரின் மேல் படிந்தது, மற்றது இரும்புப் பொட்டில் பிடித்துத் துளைக்குள் முளைத்தது.

சிலிக்கா செங்கலுக்கு ஒரு குணம் உண்டு. 1822இல் வேல்ஸ் நாட்டின் நீத் பள்ளத்தாக்கில் வில்லியம் வெஸ்டன் யங் கொஞ்சம் சுண்ணாம்பைப் பிணைப்பாக வைத்து அதைச் செய்துகாட்டியதிலிருந்து அதே குணம்தான்: சூட்டிலேயே வைத்திருந்தால் பாறை, ஆறவிட்டால் தொல்லை. விரிவு முழுவதும் முதல் 600 டிகிரிக்குள் நடந்து முடிந்துவிடும். 250 வாக்கில் சிலிக்காவின் ஒரு படிக வடிவமான கிறிஸ்டோபலைட் ஒரு குதி குதிக்கும், 573இல் மிச்சமிருக்கும் இன்னொரு வடிவமான குவார்ட்ஸ் இன்னொன்று குதிக்கும். அதன் பிறகு 1,300 வரைக்கும் அசையவே அசையாது. அதனால் புது கோக் அடுப்பை முதல்முறை சூடேற்ற இரண்டு வாரம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஆயுசுக்கும் அணைப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. அலுமினா 2,050இல் உருகுவது, சிலிக்கா 1,720இல். உசத்தியானதைக் கொஞ்சம் சேர்த்தால் சிலிக்கா செங்கல் இன்னும் கெட்டியாகும் என்றுதானே தோன்றும்? சிலிக்காவில் 5 சதவீத அலுமினா சேர்ந்தால் கலவை 1,600க்கும் கீழேயே உருக ஆரம்பிக்கும். இரண்டும் சேர்வதென்றால் நன்றாகவே சேர வேண்டும். 72 சதவீத அலுமினாவுக்குப் போனால் இரண்டும் சேர்ந்து முல்லைட் என்ற படிகம், அது 1,800 தாண்டியும் நிற்கும்.

ஜனவரி 15, மாலை

இரண்டு திருத்தம். கோக் அடுப்பைச் சூடேற்ற "இரண்டு வாரம்" என்று எழுதிவிட்டேன். இரண்டு மாதத்துக்கும் மேல். இரண்டு வாரத்தில் ஏற்றினால் அடுப்பு மிஞ்சாது. அடுத்தது "காற்று வாயு" என்று கை போன போக்கில் எழுதியது. அடுப்பில் நிலக்கரி கக்கும் வாயு என்று வாசித்துக்கொள்ளுங்கள். சுட்டிக்காட்டியவர் கோக் அடுப்பில் இருபது வருடம் இருந்தவராம். முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு உபதேசம் செய்திருக்க மாட்டேன்.

ஜனவரி 19

நிலக்கரி கேஸிஃபயர், அதாவது நிலக்கரியை வாயுவாக்கும் உலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அது வேறு உலகம். அங்கே வாயுவைவிடச் சாம்பல்தான் எதிரி. 1,400க்கு மேல் உருகிக் கசடாக வழிந்து செங்கலின் துளைக்குள் இறங்கும். இறங்கிய ஆழம் வரைக்கும் செங்கல் வேறொரு பொருளாகிவிடும். அடுத்த முறை உலை ஆறி ஏறும்போது அந்த எல்லைக்கோட்டிலேயே தகடு தகடாகப் பெயரும். இதைத் தாங்க குரோமியம் ஆக்சைடு 75, 90 சதவீதம் உள்ள செங்கல் வேண்டும். கல் மாதிரி கனக்கும், விலையும் கனக்கும், அப்படியும் இரண்டு வருடம் ஓடினால் நிம்மதி. அதனால் இன்னொரு கட்சிக்காரர்கள் செங்கலே வேண்டாம் என்று தண்ணீர் ஓடும் குழாய்ச் சுவர் வைத்து, அதன் மேல் சிலிக்கன் கார்பைடை மெல்லிசாக அப்பிவிடுகிறார்கள். கசடு அதன் மேல் உறைந்து தானே லைனிங் ஆகிவிடும். அடுத்து வரும் கசடு அந்தக் கசட்டின் மேலேயே வழிந்து போகும். கொஞ்சம் வெப்பம் தண்ணீருக்குப் போகும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த ஏற்பாடு. கொத்தனார்களுக்குப் பிடிக்காது.

ஜனவரி 21

கேட்டவர் செங்கலை உடைத்துப் படம் அனுப்பியிருக்கிறார். குறுக்கே வெட்டிய மாதிரி தெளிவாக இருக்கிறது. முகப்பைப் பார்த்த பக்கம் வெளிர் மஞ்சள், சுத்தம். பாதிக்கு மேல் சாம்பல் நிறம். ஷெல்லைப் பார்த்த பக்கம் முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், மிளகு அளவில். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் சிலந்தி மாதிரி விரிசல். பொடி காந்தத்தில் ஒட்டியதாம்.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. அவர் கணக்குப்படி களிமண் செங்கலின் பின்முகம் 630 டிகிரி. அப்படியானால் 400 - 700 பட்டையின் சூடான ஓரம் மட்டும்தான் செங்கலுக்குள் வரும். இவ்வளவு ஆழத்துக்குக் கறுக்கக் கூடாது. கணக்கை வாங்கிப் பார்த்தேன். காப்புப் பலகைக்குக் காற்றில் அளந்த எண்!

ஹைட்ரஜனுக்கு ஏற்ற எண்ணை வைத்து நான் தோராயமாகப் போட்டதில் பின்முகம் 470க்கு இறங்குகிறது. ஷெல் இன்னும் நாற்பது டிகிரி ஏறுகிறது. பலகை சூட்டைப் பிடித்துவைக்காததால் அதற்கு முன்னால் இருந்த செங்கல் குளிர்ந்துபோய், அதன் வெளிப்பாதி அப்படியே கரி கொட்டும் பட்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 12ஆம் தேதி பேச்சுவாக்கில் சொன்னது சுற்றிவந்து இங்கேயே நிற்கிறது. நான் அன்றைக்கே அவரிடம் பலகையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது சப்ளையர் விவகாரம். சான்றிதழில் இரும்பு ஆக்சைடு ஒன்றரை சதவீதம். களிமண் செங்கலுக்கு அது ஒன்றும் அதிகமில்லை. மொத்த அளவைவிட இரும்பு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். நன்றாகச் சுட்ட செங்கலில் இரும்பு செங்கலின் கண்ணாடி போன்ற பகுதியில் கரைந்து அடங்கிக் கிடக்கும். சூடு போதாமல் எடுத்தால், அல்லது அரவை இயந்திரத்திலிருந்து இரும்புத் துணுக்கு விழுந்திருந்தால், தனிப்பொட்டாக நிற்கும். பொட்டுதான் ஆபத்து. இதைப் பிடிக்கவே ஒரு சோதனை இருக்கிறது: செங்கலை 500 டிகிரியில் கார்பன் மோனாக்சைடில் வைத்து உடைகிறதா என்று பார்ப்பது. அதைக் கேட்டீர்களா என்றேன். ஆர்டரின் நகலை அனுப்பினார். "1,700 டிகிரி, 9 அங்குலம்" என்று ஒரே வரி.

கேட்டது கிடைத்திருக்கிறது. திட்டுவதை நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 23

பின்வரிசைக்கு இம்முறை செங்கலுக்குப் பதில் காஸ்டபிள் (கான்கிரீட் மாதிரி ஊற்றும் தீத்தாங்கிக் கலவை) ஊற்றப்போகிறாராம், இரும்பு குறைந்த அலுமினா வகை, கார்பன் மோனாக்சைடு சோதனையோடு. நல்லது. ஆனால் உலர்த்துவதில் அவசரம் வேண்டாம்.

காஸ்டபிளில் கலந்த தண்ணீர் எல்லாம் 100 டிகிரியில் போய்விடாது. ஒரு பங்கு சிமென்ட்டோடு வேதியாகப் பிணைந்திருக்கும். அது 250, 350 வாக்கில்தான் விடுபடும். அதற்குள் மேல்முகம் இறுகியிருந்தால் நீராவிக்கு வழி இருக்காது. ஒரு ஷட்டவுனில் அட்டவணைக்கு ஒன்றரை நாள் பின்தங்கியிருந்தோம். மணிக்கு 25 டிகிரி என்று இருந்ததை 50 ஆக்கலாமா என்று கேட்டார்கள். ஆகட்டும் என்றவன் நான்தான். அதிகாலை மூன்று மணிக்குக் கலனுக்குள் பொத்தென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி. ஆறவைத்து உள்ளே இறங்கினால் கதவு அகலத்துக்கு ஒரு துண்டு சுவரிலிருந்து பிய்ந்து கீழே கிடந்தது. அது இருந்த இடத்தில் நங்கூரக் கம்பிகள் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மிச்சம் பிடிக்கப்போன ஒன்றரை நாளுக்கு ஒன்பது நாள் கொடுத்தோம்.

120இல் ஒரு நிறுத்தம், 300ஐ ஒட்டி நீண்ட நிறுத்தம், 600இல் ஒன்று. ஆவி வருவது நின்ற பிறகு அடுத்தது. கடிகாரம் பார்த்து ஏற்றாதீர்கள்.

ஜனவரி 24

கடைசியாக வந்த கேள்வி: "பிரித்த பின்வரிசையில் பாதி செங்கல் முழுசாக இருக்கிறது. கூரைப் பக்கம் அதையே மறுபடி வைக்கலாமா? ணங் என்றுதான் சத்தம் வருகிறது."

வேண்டாம். முன்பாதி கெட்டியாக இருப்பதால் ணங் என்கிறது. பின்பாதியில் இரும்புப் பொட்டும் அதைச் சுற்றிய கரியும் அப்படியே இருக்கின்றன. உலை ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்றைத் திருப்பிப் பிடித்து ஷெல் பக்கத்து மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

சேர்க்கை, அதே நாள்: அழுத்திப் பார்த்தாராம். மூலை கையோடு வந்துவிட்டது.